மெய்ம்மயக்கம்

உண்டலும் உறங்கலும் நடத்தலும் ஓடுதலும் மாந்தர்க்குரிய தொழில்கள் என்பதை யாவரும் அறிவர். நிற்றலும் ஒரு தொழில் என்று எவரும் எண்ணுவதில்லை. தவழ்ந்து திரிந்த குழவி ஒருநாள் சுவரைப் பற்றி எழுந்து நிற்கின்றது. வீட்டார் கைகொட்டி மகிழ்கின்றனர். பின்னர் அதனை மறந்துவிடுகின்றனர். கற்ற குழவியும் தான் கற்றதை மறந்துவிடுகின்றது. யானும் அங்ஙனம் மறந்திருந்தவனே. சென்ற ஆண்டு, எனது பதினெட்டாம் அகவையில், அக்கல்வியை மீண்டும் முதலிலிருந்து கற்க நேர்ந்தது. அதனை எழுதினால் பிறர்க்குப் பயன்படும் என்று எம் தமிழாசிரியர் பணித்தமையால் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தலைப்பைக் கண்டு இஃது இலக்கணக் கட்டுரை என்று அஞ்சி ஏட்டைப் புரட்டும் அன்பர்களைச் சற்றே நிற்குமாறு வேண்டுகின்றேன். மெய்யெழுத்துக்கள் ஒன்றனோடொன்று இயைந்து நிற்றலை மெய்ம்மயக்கம் என்பர் இலக்கண நூலார். எம்மெய்க்குப் பின் எம்மெய் நிற்கும், எது நில்லாது என்பதனைச் சென்ற ஆண்டு தைத் திங்களில் யாங்கள் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தோம். அப்பாடம் முற்றுப்பெறு முன்னரே என் மெய் மயங்கிற்று. உடன் பயில்வார் இதனைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். நகைத்தவர்களே பின்னர் எனக்குத் துணைநின்றனர் ஆதலின், அவர்கள் இட்ட பெயரையே தலைப்பாகக் கொண்டேன்.

அன்று வைகறையில் விடுதி மணி ஒலித்தது. எழுந்து உட்கார முயன்றேன். அறை முழுவதும் ஒரு பெருஞ் செக்கைப்போலச் சுழன்றது. சன்னலும் கதவும் ஒன்றையொன்று துரத்தின. கட்டிலின் சட்டத்தை இறுகப் பற்றினேன். கட்டிலும் என்னோடு கவிழ்வதாகவே தோன்றிற்று. கண்ணை மூடினால் சுழற்சி நிற்கும் என்று மூடினேன், இருளும் சுழன்றது. வயிற்றிலுள்ளவை எல்லாம் வெளிவந்தன. விழித்தெழுந்த என் அறைத்தோழன் என் முகத்தருகே குனிந்து, "ஏலே, உன் கண்ணிரண்டும் தாமாகவே ஆடுகின்றனவே!" என்று அலறினான். அவனும் மற்றொருவனும் என்னைத் தூக்கிச் சென்று மருத்துவமனையிற் சேர்த்தனர்.

அங்கிருந்த மருத்துவர் முதலில் என் காதைப் பார்க்கவில்லை. பேசச் சொன்னார், விழுங்கச் சொன்னார், கைகால்களை உயர்த்தச் சொன்னார், காணும் பொருள் இரண்டாகத் தோன்றுகின்றதா என்று வினவினார். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலும் இத்தகைய சுழற்சி தோன்றக் கூடுமாதலின், அதனை ஆராய்ந்து விலக்குதல் தம் முதற்கடன் என்று பின்னர்க் கூறினார். அதன்பின் என் தலையை இரு கைகளாலும் பற்றி, தம் மூக்கையே நோக்குமாறு பணித்து, சடுதியில் இடப்புறம் திருப்பினார். என் பார்வை அவர் மூக்கின்மேலேயே நின்றது. வலப்புறம் திருப்பினார், பார்வை தலையோடு சென்று, பின்னர்த் துள்ளி மூக்கிற்கு மீண்டது. ஹால்மாகி, கர்த்தாய்ஸ் என்னும் இருவர் 1988-இல் விளக்கிய சோதனை இதுவாம். கருவி ஒன்றும் வேண்டாத இச்சிறு சோதனையோடு, ஆடும் கண்களின் போக்கையும், கேள்வி குறையாமையையும் ஒருங்கு வைத்து நோக்கி, வலச்செவியினுள் உள்ள சமநிலை நரம்பு அழற்சியுற்றிருக்கின்றது என்று அவர் துணிந்தார். இதனை வைரசு விளைப்பதாகப் பெரும்பான்மையும் கருதுவர்.

செவி கேட்டற்குரியது என்றே யான் அதுகாறும் எண்ணியிருந்தேன். ஒவ்வொரு செவியின் உள்ளும், எலும்பினுள் புதைந்து, நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் மூன்று திசைகளை நோக்கி அமைந்திருக்கின்றன. தலை திரும்பும்போது குழல் திரும்புகின்றது. உள்ளிருக்கும் நீர் சற்றே பின்தங்குகின்றது. அந்நீர் மோதுதலால் மயிர்போன்ற நுண்ணிய உறுப்புகள் வளைந்து நரம்பிற்குச் செய்தி விடுக்கின்றன. குழல்களின் அருகே சுண்ணத் துகள்களைச் சுமந்த இரு சிறு பைகள் உள்ளன. மேல் கீழ் என்பதையும், முன்செல்லுதல் நிற்றல் என்பவற்றையும் இவை உணர்த்துவன. 1824-இல் பிரான்சு தேசத்துப் புளூரான்ஸ் என்பார் புறாக்களின் குழல்களை அறுத்து, அப்பறவைகள் நிலைகெட்டுச் சுழல்வதைக் கண்டார். 1861-இல் பாரிசு மாநகரத்து மெனியேர் என்னும் மருத்துவர், தலைச்சுழற்சி மூளையிலிருந்து மட்டுமன்றி உட்செவியிலிருந்தும் பிறக்கக் கூடும் என்று எடுத்துரைத்தார். வியன்னா நகரத்து ராபர்ட் பாராணி, காதினுட் செலுத்தும் நீர் தண்ணிதாயின் கண் ஒருபுறமும், வெய்யதாயின் மறுபுறமும் துடித்தலைக் கண்டு, அதனால் செவியின் நிலையை அளக்க வழிவகுத்தார். அவருக்கு 1914-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றபோது அவர் உருசிய நாட்டில் போர்க்கைதியாக இருந்தார்.

நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று சான்றுகளின் வலியால் ஆகும். கண் ஒரு சான்று. நிலத்தை உணரும் பாதமும் மூட்டுக்களும் ஒரு சான்று. உட்செவி ஒரு சான்று. மூன்றும் ஒத்துரைக்குங்கால் மூளை வழக்கைக் கேளாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. இரு செவிகளும் நாம் வாளா இருக்கும்போதும் ஓயாது செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பவை. தலை இடப்புறம் திரும்பினால் இடச்செவியின் குரல் உயர்ந்து வலச்செவியின் குரல் தாழும். அவ்வேற்றுமையைக் கொண்டே மூளை திருப்பத்தை அறிகின்றது. என் வலச்செவியின் குரல் ஓரிரவில் அடங்கிற்று. ஆகவே படுக்கையில் அசைவற்றுக் கிடந்த என்னை, இடப்புறமாக ஓயாது சுழல்பவன் என்று மூளை கருதிற்று. கண்ணும் உடம்பும் இல்லை என்றன. செவி ஆம் என்றது. சான்றுகளின் இம்முரணே மயக்கமாயிற்று.

நான்காம் நாள் சுழற்சி தணிந்தது. ஐந்து நாளைக்கு மட்டும் என்று மருத்துவர் அளித்த மாத்திரைகளோடு ஊருக்குச் சென்றேன். இனிக் கூறப்புகுவது என் பிழையேயன்றிப் பிறர் பிழையன்று.

எம் ஊர் தேரிக்காட்டை அடுத்தது. செம்மணலும் பனையுமே அதன் செல்வம். என் தந்தை பனையேறுபவர். தளைநாரும் முருக்குத்தடியும் பாளை அரிவாளும் கொண்டு, பருவ காலத்தில் நாள்தோறும் முப்பது மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குபவர். அவர் ஏறுதலாலேயே யான் தொல்காப்பியம் படிக்கின்றேன். என் சிற்றப்பா ஒருவர் யான் பிறக்குமுன்னரே பனை உச்சியில் தலை கிறுகிறுத்து வீழ்ந்து, முதுகெலும்பு முறிந்து, ஈராண்டு கிடந்து மாண்டார். கிறுகிறுப்பு என்னும் சொல்லே எம் வீட்டில் வழங்குவதில்லை. ஆகலின் என் நோயைக் கேட்ட தந்தை யாதொன்றும் கூறாமல் உள்ளறையில் பாயை விரித்து, "ஐயா, நீ அசையாதே; அசைந்தால்தானே சுற்றும்?" என்றார்.

அஃது எனக்கு முற்றிலும் அறிவுடைய உரையாகவே பட்டது. தலையைத் திருப்பினால் உலகம் ஆடிற்று, திருப்பாவிடின் ஆடவில்லை. ஆதலின் திருப்பாமல் இருந்தேன். யாரேனும் அழைத்தால் தோளோடு சேர்த்து உடம்பைத் திருப்பினேன். பித்தம் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். இஞ்சிச் சாறும் சீரக நீரும் முறையே வந்தன. அவற்றால் தீங்கில்லை, பயனுமில்லை. மாத்திரை தீர்ந்தபோது யானே ஆளனுப்பிக் கடையில் வாங்கினேன். ஐந்து நாளுக்குரியதை ஆறு வாரம் உண்டேன். உண்டால் மந்தமாக உறங்கலாம். உறங்கினால் உலகம் ஆடாது. கழுத்து மரம்போல் இறுகிற்று. முற்றத்திற்குச் செல்லவும் சுவரைத் தடவினேன். எட்டு மாதக் குழவியாய்ச் சுவர் பற்றிய யான் பதினெட்டு ஆண்டிலும் அச்சுவரையே பற்றினேன்.

மாசித் திங்களில் ஓரிரவு, யான் உறங்கிவிட்டதாக எண்ணி, அன்னை தந்தையிடம், "விடுதியிலிருந்து இவன் பெட்டியைக் கொண்டுவந்துவிடலாமா?" என்று மெல்ல வினவினார். நெடுநேரம் மறுமொழி இல்லை. பின்னர் அவர், "படிப்புப் போனாலும் போகட்டும், ஆள் இருந்தாற் போதும்" என்றார். அவர் குரலில் நான் அதற்குமுன் கேளாத ஒன்று இருந்தது. பாளை விடும் பருவம் அணுகிக்கொண்டிருந்தது. எனக்காக அவர் ஏறவேண்டிய மரங்கள் காத்திருந்தன. அவர் மகனோ சமநிலத்தில் நிற்க மாட்டாதவனாய்க் கிடந்தான். அன்றிரவு மாத்திரை உண்டும் உறக்கம் வரவில்லை.

ஆண்டுத் தேர்விற்கு ஆறு வாரமே இருக்கின்றன, மருத்துவரை மீண்டும் காண்பது நன்று என்று விடுதிக் காப்பாளர் சொல்லியனுப்பினார். தந்தையும் யானும் பேருந்தில் சென்றோம். நிலையத்தில் இறங்கியதும் கூட்டமும் ஒலியும் ஒருங்கே திரண்டு வர, யான் வலப்புறமாகத் தள்ளாடி ஒரு தேநீர்க் கடையின் பலகைமேல் மோதினேன். அங்கிருந்த ஒருவர், "விடிந்ததும் விடியாததுமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், கூட வருபவர் தகப்பனார் போலும்" என்று உரக்கச் சொன்னார். பலர் நகைத்தனர். என் தந்தை பதநீர் இறக்குபவரேயன்றிக் கள்ளைத் தொட்டறியார். அவர் மறுத்தொன்றும் உரைக்கவில்லை. என் கையைத் தம் கக்கத்துள் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவர் கை நடுங்கியதை யான் உணர்ந்தேன்.

மருத்துவர் என் கதையைக் கேட்டு நெற்றியிற் கைவைத்துக்கொண்டார். "முதல் நாட்களில் வாந்தியையும் சுழற்சியையும் அடக்க அன்றோ அம்மாத்திரை? தொடர்ந்து உண்டால், திருந்த வேண்டிய மூளையையும் அது உறங்கவைக்குமே!" என்றார். படிப்படியாக அதனை நிறுத்துமாறு பணித்து, அடுத்த அறையிலிருந்த இயன்முறை மருத்துவ அம்மையாரிடம் எங்களை அனுப்பினார். அவரை யான் பின்னர் அக்கா என்றே அழைக்கலானேன்.

அக்கா ஒரு சிறிய அட்டையை எடுத்து, "தம்பி, இதில் ஓர் எழுத்து எழுது" என்றார். யான் ஆய்த எழுத்தை எழுதினேன். அவர் நகைத்து, "தமிழ் படிப்பவரா?" என்றார். அட்டையைக் கைநீட்டிப் பிடித்து, அம்மூன்று புள்ளிகளும் கலங்காமல் தெளிவாகத் தோன்றுமாறு நோக்கிக்கொண்டே, தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும். அவ்வளவே பயிற்சி. பத்து விநாடியில் மூன்று புள்ளிகள் முப்பதாயின, வயிறு குமட்டிற்று. "சுற்றுகின்றதே அக்கா!" என்றேன். "சுற்றத்தான் வேண்டும்" என்றார் அவர்.

இவ்விடத்தில் என் தந்தை எழுந்துவிட்டார். "அம்மா, சுற்றாதிருக்க மருந்து கேட்டு வந்தோம், நீங்கள் சுற்ற வைக்கின்றீர்களே" என்றார். அக்கா அவரை அமரச்செய்து பொறுமையோடு விளக்கினார். நரம்பு முற்றும் உயிர்ப்பெறலாம், பெறாமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. ஆனால் ஒரு செவியின் செய்தியையும், கண், பாதம் இவற்றின் செய்திகளையும் கொண்டே நிலையைக் காக்க மூளை புதிதாகக் கற்கவல்லது. அது கற்பதற்குப் பிழை வேண்டும். தலை திரும்பும்போது எழுத்துக் கலங்குகின்றதே, அக்கலக்கமே மூளைக்குக் கிடைக்கும் பிழைதிருத்தம். அசையாதவனுக்குப் பிழையும் இல்லை, திருத்தமும் இல்லை. கிடந்த நிலையில் வரும் சுழற்சி தானே தணிந்துவிடும். இயங்கும் நிலையில் வரும் மயக்கம் இயங்கினாலன்றித் தணியாது.

இம்முறை தோன்றிய வரலாற்றையும் அவர் கூறினார். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தலையில் அடிபட்டுச் சுழற்சியால் வருந்தியவர்களைக் காதார்ன் என்னும் செவி மருத்துவரும் குக்சி என்னும் உடற்பயிற்சி மருத்துவரும் பேணிவந்தனர். படுக்கையிலேயே கிடந்தவர்களைவிட எழுந்து நடமாடியவர்கள் விரைவில் தேறுவதைக் கண்டனர். அதனால் படுத்த நிலையில் கண்ணசைத்தல், தலையசைத்தல் என்று தொடங்கி, உட்கார்ந்தும், நின்றும், பந்தெறிந்தும், கண்மூடி நடந்தும், மேட்டில் ஏறி இறங்கியும் செய்யத்தக்க பயிற்சிகளை வரிசைப்படுத்தினர். காதார்ன் 1944-இலும், குக்சி 1946-இலும் இவைபற்றி எழுதினர். அன்று முதல் இம்முறை வளர்ந்து, இன்று ஒவ்வொருவர் குறைக்கும் ஏற்ப வகுத்தளிக்கப்படுகின்றது. 2015-இல் 39 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய அறிஞர்கள், ஒருபுறச் சமநிலைக் குறையுடையார்க்கு இப்பயிற்சி தீங்கற்றது, பயனுடையது என்று முடிவுகட்டினர்.

என் தந்தை இவற்றுள் எதனைக் கேட்டார், எதனைக் கேளாதொழிந்தார் என்று அறியேன். இறுதியில் அவர் ஒன்றே வினவினார்: "கீழே விழுந்துவிட்டால்?" அக்கா, "விழாத இடத்தில் நின்று செய்ய வேண்டும், ஐயா. அதற்கும் முறை உண்டு" என்றார். தந்தை என்னை விடுதியில் விட்டு ஊருக்கு மீண்டார். பெட்டியைக் கொண்டுபோகவில்லை.

அம்முறை இதுவே. நாள்தோறும் ஐந்து வேளை. ஒரு வேளைக்குச் சில மணித்துளி. முதலில் அமர்ந்து, பின்னர் நின்று, பின்னர்க் கால்களை நெருக்கி நின்று, பின்னர் மடித்த மெத்தைமேல் நின்று. எப்போதும் சுவர் மூலையில் முதுகைக் காட்டி, முன்னே ஒரு நாற்காலி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். சுழற்சி சற்றே எழுதல் நன்று, மிகுதல் நன்றன்று. பயிற்சி விட்டபின் 20 நிமிடத்திற்குள் அது தணியாவிடின், அளவு மிஞ்சியது என்று அறிந்து மறுநாள் குறைத்தல் வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் பெருந் துன்பமாயிருந்தன. மாத்திரையை நிறுத்தியமையால் பழைய மயக்கம் திரும்பியது போலத் தோன்றிற்று. கரும்பலகையை நோக்கி உடனே ஏட்டை நோக்கினால் வரிகள் நீந்தின. கைப்பேசியில் எழுத்துக்கள் மேலோடினால் வயிறும் உடன் ஓடிற்று. ஒன்பதாம் நாள் பயிற்சியை விட்டுவிட்டேன். அன்றிரவு அறைத்தோழன் ஒன்றும் பேசாமல் அட்டையை எடுத்து என் முகத்திற்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடம் கழிந்தது. பத்து நிமிடம் கழிந்தது. அவன் கை தளர்ந்து நடுங்கியும் தாழ்த்தவில்லை. எனக்கு வெட்கமாயிற்று. தலையை அசைத்தேன்.

மூன்றாம் வாரத்தில் எழுத்து நிலைத்தது. அதன்பின் விடுதித் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே, தலையை இடமும் வலமும் திருப்பி, அறைக்கதவுகளின் எண்களைப் படிக்கலானேன். குதிகாலின்முன் குதிகால் வைத்து ஒரே கோட்டில் நடந்தேன். பந்தைக் கண்ணுக்கு மேலாக எறிந்து பிடித்தேன். தோழர் பலர் இதனை விளையாட்டாகக் கொண்டு, கண்மூடி ஒரே கோட்டில் நடக்கும் பந்தயம் வைத்தனர். இரண்டு செவியும் நன்றாயிருந்த என் அறைத்தோழன் முதலில் சாய்ந்தான். யான் இரண்டாவதாகச் சாய்ந்தேன். வாழ்நாளில் இரண்டாமிடம் பெற்று அத்துணை மகிழ்ந்ததில்லை.

சித்திரையில் தேர்வு எழுதினேன். வினாத்தாளிலிருந்து விடைத்தாளுக்கு மெதுவாகவே பார்வையைக் கொண்டுசென்றேன். இறுதி வினாவிற்கு விடை முற்றவில்லை. மெய்ம்மயக்கத்தைப்பற்றி ஒரு வினா வந்திருந்தது. அதற்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது பதநீர்ப் பருவம் உச்சத்தில் இருந்தது. அக்கா இறுதியாக ஒரு பயிற்சி விதித்திருந்தார்: மென்மையான மேடுபள்ள நிலத்தில், ஒளி குறைந்த வேளையில், துணையோடு நடத்தல். மணலில் பாதத்தின் சான்று தளரும். மங்கலில் கண்ணின் சான்று தளரும். எஞ்சிய செவியே நிலையைத் தாங்கக் கற்கும் என்பது கருத்து. எம் தேரியைவிட இதற்குத் தகுந்த களம் எங்கே உண்டு? அன்னை கூடாது என்றார். தந்தை மாலையில் கடைசி மரத்தினின்றும் இறங்கி, பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, "நான் கூட வருகின்றேன்" என்றார்.

ஞாயிறு சாய்ந்திருந்தது. செம்மணல் கணுக்காலளவு உள்வாங்கிற்று. யான் நடந்தேன், அவர் இரண்டடி பின்னே, என்னைத் தொடாமல், கைகளைச் சற்றே விரித்துக்கொண்டு வந்தார். இருமுறை தள்ளாடினேன், ஒருமுறை முழங்காலிட்டு விழுந்தேன். அவர் தூக்கவில்லை, யான் எழும்வரை நின்றார். மேட்டின் உச்சியில் அமர்ந்தபோது அவர் முதன்முறையாகச் சிற்றப்பாவைப்பற்றிப் பேசினார்.

"உன் தாத்தா எங்களிருவருக்கும் ஏற்றம் பழக்கும்போது, முதலில் ஆளுயரம் மட்டும் ஏறச் சொல்லுவார். அங்கேயே நின்று கீழே பார்க்கச் சொல்லுவார். சுற்றும். சுற்றுவது நிற்கும்வரை இறங்கவிடமாட்டார். மறுநாள் ஒரு முழம் கூட. அந்த அம்மாள் அட்டையைப் பிடித்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. தம்பி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து, உடம்பு தேறுமுன் நேரே உச்சிக்கு ஏறினான். படிப்படியாக ஏறியிருந்தால் விழுந்திருக்கமாட்டான். உன்னைப் படுக்கவைத்தது என் பயம், ஐயா." இதைச் சொல்லிவிட்டு மணலைத் தட்டி எழுந்தார். இருட்டிவிட்டது. இருட்டிலேயே வீடு திரும்பினோம், யான் விழவில்லை.

என் ஆச்சியைப்பற்றியும் ஒரு சொல் கூறாமல் முடித்தல் தகாது. ஆச்சிக்குப் பாயில் புரளுந்தோறும் அரை நிமிடம் தலை சுற்றுவது வழக்கம். என்னைப் பார்த்து அக்காவிடம் அவரையும் அழைத்துச் சென்றேன். அவர்க்கு நேர்ந்தது வேறு: செவிப்பையிலிருந்து சுண்ணத் துகள்கள் பிரிந்து அரைவட்டக் குழலினுள் புகுந்திருந்தன. அமெரிக்க நாட்டு எப்லி என்னும் மருத்துவர் 1992-இல் விளக்கி எழுதிய முறைப்படி, அக்கா அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் உருட்டி, எழுப்பி உட்காரவைத்தார். சில நிமிடங்களில் முடிந்தது. இருமுறை செய்ததில் ஆச்சி நலம்பெற்றார். "உனக்கு மூன்று மாதம், எனக்கு இரண்டு நாள், படித்த காதுக்குத்தான் பாடம் அதிகம் போலும்" என்று இன்றும் என்னை எள்ளுகின்றார். ஆகவே தலைச்சுற்று யாவும் ஒன்றென்று எண்ணி ஒருவர்க்குரிய பயிற்சியை மற்றொருவர் மேற்கொள்ளுதல் ஆகாது. சுழற்சியோடு வாய் குழறுதல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, கடுந் தலைவலி, திடீர்ச் செவிடு இவற்றுள் ஒன்று தோன்றினும் நாழிகை தாழ்க்காமல் மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

கல்லூரி மீண்டும் திறந்தபின் மருத்துவர் என் செவியை நீரால் சோதித்தார். வலச்செவி இன்னும் பெரும்பாலும் வாளாவே இருக்கின்றது. அது நலம்பெற்றதனால் யான் நடக்கவில்லை. அது நலம்பெறாமலே நடக்கின்றேன். மிகக் களைத்த நாளிலும் காய்ச்சலிலும் உலகம் சிறிது சாயும். அப்போது அட்டையை எடுப்பேன். ஆய்தத்தின் மூன்று புள்ளிகளும் மழுங்கிவிட்டன. புதிதாக எழுதலாம் என்று அறைத்தோழன் கூறுகின்றான். எழுதவில்லை.

மெய்யெழுத்துக்கள் மயங்கிநின்று சொல்லாகின்றன. என் மெய் மயங்கியதனால் யான் கற்றதும் ஒன்று உண்டு. எந்த அசைவிற்கு அஞ்சி ஒதுங்கினேனோ, அந்த அசைவினூடேதான் வழி இருந்தது. அதுவும் ஒரே நாளில் உச்சிக்கு ஏறும் வழியன்று, நாளொரு முழம் ஏறும் வழி. அங்ஙனம் ஏறுபவனுக்குப் பின்னே இரண்டடி தொலைவில், தொடாமல், கைகளை விரித்துக்கொண்டு ஒருவர் வருவாராயின், அவன் பேறு பெற்றவன். யான் பெற்றேன்.